ஒன்பதா, நாற்பத்தைந்தா?

நீங்கள் கேட்டது இது: டெக்சாஸுக்கு வேலைக்கு வந்த புதிதில் அலுவலக நண்பர்கள் உங்களைத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். அங்கே இரண்டு பேர், எந்த அளவுக் குண்டு சிறந்தது என்று, ஒருவர் 9 மிமீ கட்சி, மற்றவர் .45 கட்சி, அரை மணி நேரம் விடாமல் மல்லுக்கட்டிவிட்டு, தோளில் கை போட்டுக்கொண்டு பார்பெக்யூ சாப்பிடப் போய்விட்டார்கள். "இதில் யார் சொல்வது சரி? சரி என்று ஒன்று இருந்தால் நூறு வருஷமாக ஏன் இது முடியவில்லை?"

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருடமாக, மாதம் ஒரு சனிக்கிழமையாவது, உள்ளூர் கிளப் போட்டிகளில் பிஸ்டல் சுடுகிறேன். .40ல் ஆரம்பித்தேன், .45க்குத் தாவினேன், இப்போது 9 மிமீ. மூன்று கட்சியிலும் இருந்தவன் என்பதால் நடுவராக உட்காரத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன். கிளப்பில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொண்டு உள்ளே போகலாம். தோட்டா என்பது கூடும் மருந்தும் குண்டும் சேர்ந்த முழுச் சரக்கு, குண்டு அதன் முனையிலிருந்து பறப்பது. காலிபர் என்றால் அந்தக் குண்டின் விட்டம், அவ்வளவுதான். .45 என்றால் அங்குலத்தை நூறாகப் பிரித்து அதில் நாற்பத்தைந்து பங்கு. ஆனால் பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பினால் ஏமாந்துபோவீர்கள். .38 ஸ்பெஷல் தோட்டாவின் குண்டு .38 அங்குலம் கிடையாது; .357. அதே குண்டுதான் .357 மேக்னம் என்ற வீரியம் கூடிய தோட்டாவிலும் இருக்கிறது. .44 மேக்னத்தை அளந்தால் .429 வரும். .380 என்று ஒரு குட்டித் தோட்டா உண்டு, பெயரைக் கேட்டால் 9 மிமீயைவிடப் பெரியது போலத் தோன்றும், அளந்தால் இரண்டும் .355 தான். ஆக 9 மிமீக்கும், காட்டெருமை மாதிரி உறுமும் .357 மேக்னத்துக்கும் விட்டத்தில் வித்தியாசம் 0.05 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் கனம். .38 என்ற பெயர் பழைய நாளில் தோட்டாக் கூட்டின் வெளிவிட்டத்தை ஒட்டி வந்தது. பிற்பாடு குண்டு மெலிந்து கூட்டுக்குள் போனது, பெயர் மட்டும் மெலியவே இல்லை.

சரி, சண்டைக்கு வருவோம். இதன் வேர் பிலிப்பைன்ஸில் இருக்கிறது. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கப் படை அங்கே தெற்குத் தீவுகளில் மோரோ என்ற முஸ்லிம் இன வீரர்களோடு மோதிக்கொண்டிருந்தது. படையின் கையில் இருந்தது .38 லாங் கோல்ட் ரிவால்வர். குண்டு பட்டும் வாளோடு ஓடி வந்தவர்கள் நிற்கவில்லை என்று அங்கிருந்து புகார் மேல் புகார். கிடங்கில் போட்டிருந்த பழைய .45 கோல்ட் ரிவால்வர்களைத் தூசி தட்டி அனுப்பினார்கள். 1904ல் ஜான் தாம்ஸன் என்ற ராணுவ அதிகாரியும் லூயி லாகார்ட் என்ற ராணுவ மருத்துவரும் சிகாகோவின் இறைச்சிக் கூடங்களில் மாடுகள் மீதும், மனித சடலங்கள் மீதும் பல அளவுக் குண்டுகளைச் சுட்டுப் பார்த்தார்கள். படிக்கவே சங்கடமான சோதனை. இன்றைய கண்ணால் பார்த்தால் அறிவியல் முறையும் தள்ளாட்டம்தான். ஆனாலும் முடிவைத் தயங்காமல் எழுதினார்கள்: ராணுவக் கைத்துப்பாக்கிக்கு .45க்குக் குறைந்த குண்டு உதவாது.

அதை வைத்து ஜான் பிரௌனிங் வடிவமைத்ததுதான் .45 ஏசிபி (ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்) தோட்டாவும் 1911ல் ராணுவம் ஏற்றுக்கொண்ட எம்1911 பிஸ்டலும். (அதே 1911ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் ஒரு பிரௌனிங் தான், பெல்ஜியத்தில் செய்தது. இந்த மனிதரின் கைவேலை எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள்.) .45 கட்சிக்காரர்கள் 1904 அறிக்கையை வேதம் மாதிரி மேற்கோள் காட்டுவார்கள். அதே அறிக்கையில் இன்னொரு வாக்கியமும் இருக்கிறது: கைத்துப்பாக்கி ஏந்தும் வீரர்களுக்குக் குறி தவறாமல் சுட இடைவிடாமல் பயிற்சி தர வேண்டும், ஏனென்றால் உடம்பின் பெரும்பகுதியில் எந்தக் குண்டு பட்டாலும் எதிரி உடனே விழுவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இதை யாரும் மேற்கோள் காட்டி நான் கேட்டதில்லை.

9 மிமீ அதற்கு முன்பே பிறந்துவிட்டது. ஜெர்மனியில் கேயோர்க் லூகர் 1902 வாக்கில் உருவாக்கினார். 1904ல் ஜெர்மன் கடற்படையும் 1908ல் தரைப்படையும் எடுத்துக்கொண்டன. "அமைதி வேண்டுமானால் போருக்குத் தயாராகு" என்ற லத்தீன் வாசகத்தின் கடைசி இரண்டு சொற்கள்தான் பாராபெல்லம் என்ற அதன் பெயர். ஐரோப்பா அதோடு ஒட்டிக்கொண்டது. அமெரிக்கா எழுபது வருடத்துக்கு மேல் .45ஐப் பிடித்துக்கொண்டிருந்து, 1985ல் நேட்டோ நாடுகளோடு ஒத்துப்போவதற்காக 9 மிமீ பெரெட்டாவுக்கு மாறியது. எங்கள் கிளப்பில் ஒரு பெரியவர், முன்னாள் ராணுவத்தார், அந்த வருடத்தைப் பற்றிப் பேசும்போது வீட்டில் பாகப்பிரிவினை நடந்த கதையைச் சொல்வது மாதிரி குரல் தாழ்ந்துவிடும்.

இப்போது கணக்கு. இதில் கொஞ்ச நேரம் நிற்கிறேன், ஏனென்றால் சண்டை ஏன் தீரவில்லை என்பது இங்கேதான் புரியும்.

குண்டின் எடையை இங்கே கிரெயின் என்ற அளவில் சொல்வார்கள். நம் ஊர்ப் பொற்கொல்லர்களின் குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. சாதாரண 9 மிமீ குண்டு 124 கிரெயின், அதாவது 8 கிராம். நொடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகம். சாதாரண .45 குண்டு 230 கிரெயின், 15 கிராமுக்குச் சற்றுக் குறைவு. வேகம் சுமார் 255 மீட்டர். ஆற்றலைக் கணக்கிட்டால் 9 மிமீக்கு ஏறக்குறைய 490 ஜூல், .45க்கு ஏறக்குறைய 485. சமம் என்றே சொல்லலாம். ஆனால் உந்தத்தைக் கணக்கிட்டால், அதாவது எடையை வேகத்தால் பெருக்கினால், 9 மிமீக்கு 2.8, .45க்கு 3.8. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம்!

ஆக 9 மிமீக்காரர் "ஆற்றல் ஒன்றுதானே" என்பார். உண்மை. .45க்காரர் "தள்ளும் உந்தம் எனக்குத்தானே அதிகம்" என்பார். அதுவும் உண்மை. டென்னிஸ் பந்தை வெறித்தனமாக வீசுகிறவனும் கிரிக்கெட் பந்தை நிதானமாக வீசுகிறவனும் எது வலிக்கும் என்று வாதாடுவது மாதிரி. ஆளுக்கொரு உண்மை எண் கையில் இருக்கும்போது யார் விட்டுக்கொடுப்பார்கள்?

இரண்டு பேருமே ஒரு மாயையில் இருக்கிறார்கள் என்பது என் எண்ணம். அந்த 3.8 என்ற உந்தம் எண்பது கிலோ ஆள் ஒருவரை நொடிக்கு 5 சென்டிமீட்டர் வேகத்துக்குக்கூடத் தள்ளாது. கதாநாயகன் சுட்டதும் அடியாள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு மாடியிலிருந்து பறப்பதெல்லாம் கயிறு கட்டி இழுப்பவரின் உழைப்பு. அவ்வளவு உதை குண்டில் இருந்தால் சுட்டவரும் பின்னால் பறந்திருக்க வேண்டும்.

கையில் உணர்வது வேறு விஷயம், அதில் நிஜமாகவே வித்தியாசம் உண்டு. .45 தோட்டா குறைந்த அழுத்தத்தில் வேலை செய்வது. சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு அதன் உச்ச வரம்பு. 9 மிமீக்கும் .40க்கும் அது 35,000. அதனால் கனமான எஃகு பிஸ்டலில் .45 சுட்டால் யாரோ உள்ளங்கையை அழுத்தித் தள்ளுவது போல இருக்கும். லேசான பிளாஸ்டிக் சட்டம் போட்ட பிஸ்டலில் .40 சுட்டால் கணக்கு வாத்தியார் விரல் முட்டியில் ஸ்கேலால் தட்டியது போல. நான் .40ஐ விட்டதற்கு முழுக் காரணம் அதுதான்.

.40 என்றதும் அந்தப் பரிதாபக் கதையையும் சொல்ல வேண்டும். 1986 ஏப்ரல் 11, மயாமி. வங்கிக் கொள்ளையர் இருவரை எஃப்பிஐ ஆட்கள் எட்டுப் பேர் மடக்கினார்கள். துப்பாக்கிச் சண்டையில் எஃப்பிஐ தரப்பில் இருவர் இறந்தனர், ஐவர் காயப்பட்டனர். ஆரம்பத்திலேயே கொள்ளையரில் ஒருவனின் கையைத் துளைத்து மார்புக்குள் போன 9 மிமீ குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவன் நிமிடக்கணக்கில் சண்டையிட்டான். திட்டம், ஆயுதம், அதிர்ஷ்டம் என்று பழி போட ஆயிரம் இருந்தும் கடைசியில் குண்டின் தலையில்தான் விழுந்தது. எஃப்பிஐ 10 மிமீக்குப் போனது. 10 மிமீ முழு வீச்சில் பலருடைய கைக்கும் தாங்கவில்லை, துப்பாக்கியும் பெரியது. மருந்தைக் குறைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். மருந்து குறைந்தால் அவ்வளவு நீளக் கூடு எதற்கு என்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் சேர்ந்து கூட்டை வெட்டிக் குட்டையாக்கி 1990 ஜனவரியில் வெளியிட்டதுதான் .40 எஸ் அண்ட் டபிள்யூ. நாடு முழுக்கக் காவல்துறைகள் வாங்கிக் குவித்தன.

10 மிமீ விசிறிகள் இதை இன்று வரை மன்னிக்கவில்லை. எஸ் அண்ட் டபிள்யூ என்றால் 'ஷார்ட் அண்ட் வீக்', குட்டை, சோகை, என்று விரிவாக்கம் சொல்வார்கள். இந்த 10 மிமீ ஆட்கள் தனி ரகம். கரடியிடமிருந்து தப்பிக்க என்று காரணம் சொல்லித்தான் வாங்குவார்கள். அலாஸ்காவில் இருப்பவர் சொன்னால் நியாயம். டல்லாஸ் புறநகரில், வீட்டுக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் காரில் போய்வருகிற மனிதர் சொன்னால் நாம் என்ன செய்வது?

எஃப்பிஐ செய்த உருப்படியான வேலை, சோதனைக்கு ஒரு முறை வகுத்தது. உடம்பின் தசைக்குப் பதிலாக வைத்த பத்து சதவிகித ஜெலட்டின் கட்டியில் சுட்டு, குண்டு குறைந்தது 12 அங்குலம் இறங்க வேண்டும், 18க்கு மேல் போகக் கூடாது என்று வைத்தார்கள். குண்டு செய்கிறவர்கள் அந்தப் பரீட்சைக்கென்றே தயாராகி, முனை குழிந்து, பட்டதும் விரியும் குண்டுகளை வருடத்துக்கு வருடம் தேற்றினார்கள். (முனை விரியும் குண்டுக்கு உலகம் வைத்த பழைய பெயர் டம்டம். கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் விமான நிலையம் இருக்கிறதே, அந்த டம்டம்தான். 1890களில் அங்கிருந்த ஆயுதச் சாலையின் சரக்கு. போரில் அதற்கு 1899 ஹேக் பிரகடனம் தடை போட்டது.) கடைசியில் 9, .40, .45 மூன்றும் அந்தப் பரீட்சையில் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண் வாங்க ஆரம்பித்தன. 2014ல் எஃப்பிஐ தானே எழுதி வைத்தது: மூன்றுக்கும் செயலில் பெரிய வேறுபாடு தெரியவில்லை, 9 மிமீயில் அதிகத் தோட்டா கொள்ளும், உதை குறைவு, பெரும்பாலானோர் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள். மறுபடி 9க்கே வந்தார்கள். காவல்துறைகள் கழித்துக் கட்டிய .40 பிஸ்டல்கள் துப்பாக்கிக் கடைகளில் மலிவு விலைக்கு வந்தன. நான் என்னுடையதை விற்கப் போனதும் அந்த நேரம் பார்த்துத்தான். விலையைச் சொல்ல மாட்டேன்.

இனி ரேஞ்சில் நீங்கள் கேட்டிருக்கக்கூடிய வசனங்கள். "ஏன் .45 வைத்திருக்கிறாய்?" "அவர்கள் .46 செய்வதில்லையே." இது இங்கே பாட்டன் காலத்து நகைச்சுவை, ஆனாலும் ஒவ்வொரு முறையும் யாராவது சிரிப்பார்கள். அடுத்தது: "உன் 9 விரிந்தாலும் விரியும், என் .45 ஒருநாளும் சுருங்காது." இதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, முனை விரியத் தவறினாலும் .45 குண்டு 11.5 மில்லிமீட்டர் அகலம்தான். 9 மிமீ தரப்பின் பதில்: "நீ ஏழு சுட்டுவிட்டு மேகஸின் மாற்றும்போது என்னிடம் இன்னும் பத்து இருக்கும்." பழைய 1911 மேகஸினில், அதாவது கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியில், ஏழு, கிளாக் 17 என்ற 9 மிமீ பிஸ்டலில் பதினேழு, கணக்கு சரிதான். அதற்கு .45க்காரர், "எனக்கு ஏழே போதும், உனக்குத்தான் பதினேழு தேவைப்படுகிறது" என்பார். இந்த இடத்தில் ரிவால்வர் வைத்திருக்கும் ஒரு தாத்தா ஆறு விரலைக் காட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் போவார்.

விளையாட்டு விதிகளும் இந்தச் சண்டைக்கு நெய் ஊற்றுகின்றன. நான் சுடும் யுஎஸ்பிஎஸ்ஏ என்ற அமெரிக்கச் சங்கத்தின் போட்டியில் குண்டின் கிரெயினை, நொடிக்கு எத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பார்கள். குறைந்தது 165 வந்தால் 'மேஜர்', குறைந்தது 125 வந்தால் 'மைனர்'. கடையில் வாங்கும் .45 கண்ணை மூடிக்கொண்டு மேஜர். சாதாரண 9 மிமீ மைனர். நடுப் பகுதியில் பட்டால் இருவருக்கும் 5 புள்ளிதான். தள்ளிப் பட்டால் மேஜருக்கு 4, மைனருக்கு 3. இன்னும் தள்ளினால் 2, 1. அதாவது பெரிய குண்டுக்கு விதி தரும் சலுகை, குறி தவறும்போது மட்டும்தான் கிடைக்கும். இதை எங்கள் .45 பெரியவரிடம் ஒருமுறை சொன்னேன். அன்றைக்கு அவர் மைனரில் சுட்ட என்னைவிட பதினோரு புள்ளி அதிகம் எடுத்தார், எல்லாம் நடுவில்.

புல்ஸ்ஐ என்று பழைய பாணிப் போட்டி ஒன்று உண்டு. ஒரு கையால், நின்று, 25 கெஜத்திலும் 50 கெஜத்திலும். .22ல் தொண்ணூறு, சென்டர்ஃபயரில் (கூட்டின் அடி நடுவில் அடித்து வெடிக்கும் தோட்டா) தொண்ணூறு, .45ல் தொண்ணூறு என்று 270 தோட்டா, மொத்தம் 2700 புள்ளி. அங்கே ஓட்டை கோட்டைத் தொட்டாலே மேல் புள்ளி. .45 ஓட்டை 9ஐவிட 2.5 மில்லிமீட்டர் அகலம் என்பதால் ஒவ்வொரு பக்கமும் ஒன்றேகால் மில்லிமீட்டர் இனாம். நூற்றாண்டுச் சண்டையில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரே வெற்றி .45க்கு இதுதான் என்பேன்.

.22க்காரர்களை யாரும் சண்டையில் சேர்ப்பதில்லை, அவர்களும் கவலைப்படுவதில்லை. ஒரு 9 மிமீ தோட்டாவின் விலைக்கு அவர்கள் இரண்டு மூன்று சுடுவார்கள். ஒலிம்பிக்கில் வெடிமருந்துப் பிஸ்டல் என்றால் .22 மட்டும்தான், 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வாங்கியதும் அதில்தான். கிளப்பில் மிகத் துல்லியமாகச் சுடுகிறவர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் .22ல் வருடக்கணக்காகப் பழகியவராகவே இருப்பார்.

ஊரில் இப்படி ஒரு சண்டை நடக்க வழியே இல்லை. இந்தியாவில் 9 மிமீ சட்டப்படி தடை செய்யப்பட்ட குண்டு அளவு. பெரும்பாலும் படையும் காவல்துறையும்தான் வைத்திருக்கலாம். உரிமம் பெற்றவர் பெரும்பாலும் கான்பூரில் செய்த .32 ரிவால்வரோடு திருப்தி அடைய வேண்டியதுதான். இத்தாலியிலும் பல பத்தாண்டுகள் 9 மிமீ பாராபெல்லம் பொதுமக்களுக்குக் கிடையாது, அதனால் கூட்டை இரண்டு மில்லிமீட்டர் நீட்டி 9x21 என்று ஒன்றை வைத்துச் சமாளித்தார்கள். பிடித்த காலிபர் என்று நாம் சொல்வதில் பாதி, சட்டம் விட்டுவைத்ததும் கடையில் கிடைப்பதும்தான். 2020ல் இங்கே தோட்டாத் தட்டுப்பாடு வந்தபோது கொள்கைக்காரர்கள் எல்லாம் அலமாரியில் எது இருந்ததோ அதற்கு மாறினார்கள்.

அப்புறம் யார் சரி? முதல் பிஸ்டல் வாங்கப் போகிறீர்கள் என்றால் 9 மிமீ வாங்குங்கள். .45 தோட்டாவுக்கு ஏறக்குறைய இரு மடங்கு காசு. அதே பணத்தில் இரண்டு மடங்கு பழகலாம், பழகினால்தான் படும். இது என் தீர்ப்பு, ஆனால் உங்கள் நண்பர் .45ஐ விடமாட்டார், விடவும் வேண்டாம். பேசிப் பாருங்கள், அது அவர் அப்பாவுடைய துப்பாக்கியாக இருக்க வாய்ப்பு அதிகம். எங்கள் பெரியவருடையது அப்படித்தான். ரஜினியா கமலா என்று கேட்டால் நாம் நடிப்பைப் பற்றி மட்டுமா பேசுகிறோம்? எந்தக் கொட்டகையில் யாரோடு பார்த்தோம் என்பதும் சேர்ந்துதானே வருகிறது.

அடுத்த முறை ரேஞ்சுக்குப் போகும்போது இரண்டு பேரிடமும் ஒரு மேகஸின் சுட்டுப் பார்க்கத் தருவீர்களா என்று கேளுங்கள். கட்டாயம் தருவார்கள், தன் கட்சிக்கு ஆள் பிடிக்க இவர்கள் செலவு பார்ப்பதில்லை. காதுக்கும் கண்ணுக்கும் கவசம் போட்டுக்கொண்டு, முதலில் 9, பிறகு .45. அந்த ஏழு தோட்டாவை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சுடுங்கள், பக்கத்தில் நின்று அவர் ஒவ்வொன்றுக்கும் விலை போட்டுக்கொண்டிருப்பார்.